நாற்பதும் நாற்பதும் ஒன்றா?

2024 மே மாதம் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினான். "மாமா, இந்த வருஷம் பெஸ்ட் கோச் யாருன்னு கேள்வியே இல்ல. அலோன்சோதான். லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்கல." அவன் ஜெர்மன் கால்பந்து லீகான பன்டஸ்லிகாவின் தீவிர ரசிகன். எனக்கு ஆட்டத்தைவிட புள்ளிப் பட்டியல் பிடிக்கும். சும்மா வம்புக்கு "ஹோனஸ்" என்று ஒரு வார்த்தை பதில் போட்டேன். அந்த வம்பு ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. நடுவில் நான் ஒரு எக்செல் ஷீட் திறந்து உட்கார்ந்ததில், வம்புக்குச் சொன்னதற்கு ஆதாரம் தேடப் போய் வேறு எங்கோ வந்து நின்றேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெர்மன் லீக் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. எல்லாவற்றையும் ஜெயித்தால் 102. 2023-24 சீசனுக்கு முன்னால் தொடர்ந்து 11 வருடம் பயர்ன் மியூனிக்தான் சாம்பியன். அந்த வருடம் சாபி அலோன்சோவின் லெவர்குசன் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லாமல் 90 புள்ளியோடு கோப்பையைத் தூக்கியது. பன்டஸ்லிகா வரலாற்றில் தோற்காமல் ஒரு சீசனை முடித்த முதல் அணி. அதுவரை ஐந்து தடவை இரண்டாம் இடம் வந்து, ஒரு தடவைகூட லீகை ஜெயிக்காமல், கேலிப் பெயர் எல்லாம் வாங்கிய கிளப் அது.

இரண்டாம் இடம் பயர்னுக்கு இல்லை. செபாஸ்டியன் ஹோனஸ் பயிற்சியாளராக இருந்த ஸ்டுட்கார்ட் 73 புள்ளி எடுத்து, ஒரு புள்ளியில் பயர்னை முந்தியது. (பயர்னின் பெரிய தலையான ஊலி ஹோனஸ் இவருக்குச் சித்தப்பா பெரியப்பா உறவு. வீட்டு விசேஷத்தில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்களோ!)

இனி என் வாதம். முந்தைய சீசனில் லெவர்குசன் 50 புள்ளி, ஆறாம் இடம். ஸ்டுட்கார்ட் 33 புள்ளி, பதினாறாம் இடம். கழித்துப் பாருங்கள். 90-50 = 40. 73-33 = 40. இரண்டு பேரும் ஒரே அளவு ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் ஸ்டுட்கார்ட் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும் விளிம்பிலிருந்து வந்த அணி. அதற்கு மேல், 2023 கோடையில் கேப்டன் எண்டோவை லிவர்பூலுக்கும் மாவ்ரோபனோஸை வெஸ்ட் ஹாமுக்கும் விற்றுவிட்டார்கள். லெவர்குசனோ ஜாகா, கிரிமால்டோ, போனிஃபேஸ், ஹோஃப்மன் என்று புதிதாக ஆள் சேர்த்தது. அதே நாற்பதை ஆளைப் பறிகொடுத்துவிட்டு எடுத்தவர்தானே பெரியவர்?

மருமகன் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஷீட்டை மூடாமல் விட்டதுதான் தப்பு.

முதல் ஓட்டை. முந்தைய சீசனின் 50-ம் 33-ம் யாருடைய புள்ளிகள்? அலோன்சோ லெவர்குசனுக்கு வந்தது 2022 அக்டோபரில். அப்போது எட்டு ஆட்டத்தில் 5 புள்ளி, கடைசிக்கு முந்தின இடம். மீதி 26 ஆட்டத்தில் 45 புள்ளி அவருடைய கணக்கு. ஆட்டத்துக்கு 1.73. அந்த வேகத்தில் முழு சீசன் ஆடியிருந்தால் 59 வந்திருக்கும். ஸ்டுட்கார்ட் கதை இன்னும் மோசம். ஒரே சீசனில் நான்கு பயிற்சியாளர்கள். நான்காவதாக ஹோனஸ் 2023 ஏப்ரலில் வரும்போது 26 ஆட்டத்தில் 20 புள்ளி, பட்டியலில் கடைசி. அவர் கையில் கிடைத்த எட்டு ஆட்டத்தில் 13 புள்ளி எடுத்தார். ஆட்டத்துக்கு 1.63, முழு சீசனுக்கு விரித்தால் 55.

இப்போது கழித்தால்? அலோன்சோ 59-இலிருந்து 90, அதாவது 31. ஹோனஸ் 55-இலிருந்து 73, அதாவது 18. நாற்பதுக்கு நாற்பது என்று நான் காட்டிய சமன் எங்கே போச்சு? அந்த 33 புள்ளியில் பெரும்பகுதி வேறு மூன்று பேர் விட்டுப்போன பள்ளம். அந்தப் பள்ளத்தை ஹோனஸ் ஏறி வந்தது 2023 வசந்தத்திலேயே முடிந்த வேலை. அதை 2023-24 சீசன் கணக்கில் எழுதினால் ஒரே ரசீதை இரண்டு தடவை காட்டிப் பணம் வாங்குவது போல.

"அப்போ அலோன்சோவோட அந்த 26 மேட்சும் அவரோட உழைப்புதானே மாமா, அதை ஏன் அவருக்கு எதிரா வைக்கிறீங்க?" என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒருவர் வந்த நாளிலிருந்து என்ன செய்தார் என்று கேட்டால் அதையும் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் கேள்வி "ஒரு சீசனில்" யார் அதிகம் சாதித்தார் என்பது. அப்படிக் கேட்டால் சீசன் தொடங்கும் நாளன்று அணி எங்கே நின்றதோ அங்கேதான் கோடு போட வேண்டும். போன வருடப் பட்டியலில் இருக்கும் எண் அந்தக் கோடு இல்லை. பத்திரிகைகளும் சரி, நாமும் சரி, பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறோம்.

இரண்டாவது ஓட்டை நான் பார்த்து வெட்கப்பட்டது. 33-இலிருந்து 73-க்கு வருவதும் 50-இலிருந்து 90-க்கு வருவதும் ஒரே ஏணியில் ஒரே உயரமா? எடுத்த புள்ளியை விட்டுவிட்டு, விட்ட புள்ளியைப் பாருங்கள். 102-இல் ஸ்டுட்கார்ட் முதல் வருடம் 69 புள்ளியைக் கோட்டை விட்டது, அடுத்த வருடம் 29. லெவர்குசன் கோட்டை விட்டது 52, அடுத்த வருடம் வெறும் 12. ஒருவர் கசிவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார். இன்னொருவர் கால்வாசிக்கும் கீழே. நாற்பது மதிப்பெண் எடுக்கும் பையன் எழுபது எடுப்பதற்கும் எழுபது எடுக்கும் பையன் நூறு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். நானே அதை மறந்துவிட்டு வாதாடியிருக்கிறேன்.

ஆக என் ஆள் தோற்றுக்கொண்டிருந்தார். அதற்காக மருமகனின் "தோக்கவே இல்ல" வாதம் ஜெயித்துவிட்டதா? அதுவும் இல்லை. லெவர்குசன் ஏப்ரல் 14 அன்று வெர்டர் பிரெமனை 5-0 என்று அடித்து, ஐந்து ஆட்டம் மீதி இருக்கும்போதே சாம்பியன் ஆகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் டார்ட்மண்டில் 97-வது நிமிடத்தில் ஸ்டானிஷிச் அடித்த கோலில் 1-1. அதற்கும் அடுத்த வாரம், நம்ம ஸ்டுட்கார்டுக்கு எதிராக 96-வது நிமிடத்தில் ஆண்ட்ரிச் அடித்த கோலில் 2-2. இந்த இரண்டு உதைகளும் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் லெவர்குசன் 88 புள்ளி, இரண்டு தோல்வி. "தோற்காத அணி" என்ற பட்டம் போயிருக்கும். ஆனால் பயிற்சியாளரின் வேலையில் என்ன குறைந்திருக்கும்? இரண்டு புள்ளி. வரலாற்றில் நிற்கும் அந்தப் பட்டம் கணக்கில் இவ்வளவுதான் கனக்கிறது.

இங்கே அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். எவ்வளவு அதிர்ஷ்டம் என்பதை ஓரளவு அளக்க முடியும். அந்த சீசனின் 306 ஆட்டங்களில் 81 டிரா, அதாவது 26 சதவீதம் சொச்சம். ஒரு பையில் நூறு சீட்டு போடுங்கள். 37-இல் வெற்றி, 37-இல் தோல்வி, 26-இல் டிரா என்று எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுப் போட்டு 34 தடவை எடுங்கள். சராசரியாக 46, 47 புள்ளி வரும். ஆனால் ஒவ்வொரு சீசனிலும் அப்படியே வராது. மூன்றில் இரண்டு தடவை சராசரிக்கு ஏழரைப் புள்ளி மேலே, ஏழரைப் புள்ளி கீழே என்ற எல்லைக்குள் ஆடும். மூன்றில் ஒரு தடவை அதையும் தாண்டும். ஆமாம், ஏழரைதான். நான் தேடிப் போய் எடுத்த எண் இல்லை, கணக்கில் அதுவாக வந்தது.

ஏழரையின் வீச்சு புரிய இன்னொன்று. பலத்தில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் 18 அணிகள் இப்படிச் சீட்டு எடுத்தால், முதலில் வருகிற அணி சுமார் 60 புள்ளியிலும் கடைசி அணி 33 புள்ளியிலும் நிற்கும். எல்லாரும் ஒன்றே! ஆனாலும் ஒருவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவோம், இன்னொருவரை வேலையை விட்டு அனுப்புவோம்.

நிஜ லீகில் அணிகள் ஒன்று போல இல்லை. 2023-24 பட்டியலில் முதல் அணி 90, கடைசி அணி 17. அணிகளுக்கு இடையே உள்ள மொத்த ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் சீட்டுக் குலுக்கலால் விளக்கக்கூடியது என்று எனக்கு வந்தது. உச்சத்தில் இருக்கும் அணிக்கு ஏழரையும் சுருங்கும். எப்போதும் ஜெயிக்கிறவனுக்கு ஆட அதிக இடம் இல்லை. ஆகவே லெவர்குசனின் 90-ஐ அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. ஆனால் நான் மேலே ஹோனஸுக்கு வைத்த 55 என்ற கோடு எட்டே எட்டு ஆட்டத்தில் கட்டியது. எட்டு ஆட்டத்தை முப்பத்து நாலாக விரித்தால் பிழையும் சேர்ந்து விரியும். பதினைந்து புள்ளி இப்படியோ அப்படியோ போகலாம். ஆகவே "31-க்கு 18" என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கசிவுக் கணக்கும் அதே பக்கம் காட்டுவதால்தான் நான் அதை நம்பத் துணிந்தேன்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான், பட்டியலில் எட்டாம் இடத்தில் 42 புள்ளியோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த பெயரைக் கவனித்தேன். ஹைடன்ஹைம்.

சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். பதினைந்தாயிரம் பேர் கொள்ளும் மைதானம். பயிற்சியாளர் ஃபிராங்க் ஷ்மிட் அதே ஊரில் பிறந்தவர். 2007 செப்டம்பரில், கிளப் கீழ்மட்டப் பிராந்திய லீகில் ஆடிக்கொண்டிருந்தபோது பொறுப்பேற்றார். 2023-24 சீசன் முடியும்போதும் அவரேதான். அந்த ஊர் முதல் முறையாக உயர்மட்ட லீகில் ஆடிய வருடம் அது. ஏப்ரலில் பயர்ன் வந்தது. 0-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று அடித்து அனுப்பினார்கள்.

இவருக்கு எங்கே கோடு போடுவது? போன வருடம் வேறு டிவிஷன், அந்தப் புள்ளி இங்கே செல்லாது. சம்பளச் செலவை வைத்துப் பார்க்கலாம் என்பது ஒரு வழி. சைமன் கூப்பரும் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கியும் இங்கிலாந்து கிளப்புகளை வைத்து எழுதியது பிரபலம். நீண்ட காலச் சராசரியில் ஒரு கிளப் எந்த இடத்தில் முடிக்கிறது என்பதில் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 90 சதவீதத்தை அது கொடுக்கும் சம்பளமே விளக்கிவிடுகிறது என்றார்கள். மீதிப் பத்தில்தான் பயிற்சியாளர், அதிர்ஷ்டம், எல்லாமும். ஆனால் அது பல வருடச் சராசரிக்குப் பொருந்துவது. ஒரே சீசனுக்கு அந்தப் பிடி அவ்வளவு இறுக்கம் இல்லை. மேலும் சம்பளக் கணக்கில் ஜெயித்ததற்குக் கொடுத்த போனஸும் கலந்துவிடும். விளைவே காரணமாக வேஷம் போட்டு வந்து நிற்கும்.

நல்லவேளையாக ஹைடன்ஹைமுக்கு இயற்கையே ஒரு இரட்டைப் பிள்ளையைக் கொடுத்திருந்தது. 2022-23 இரண்டாம் டிவிஷனில் ஹைடன்ஹைம் 67 புள்ளி, டார்ம்ஷ்டாட் 67 புள்ளி. கோல் வித்தியாசத்தில் முதல் இடம், இரண்டாம் இடம். இரண்டும் ஒன்றாக மேலே ஏறின. பெரிய நட்சத்திரம் யாரிடமும் கிடையாது. அடுத்த வருடம் டார்ம்ஷ்டாட் 17 புள்ளியோடு கடைசி. ஹைடன்ஹைம் 42 புள்ளியோடு எட்டாவது. நடுவில் 25 புள்ளி. ஒரே ஒரு ஜோடியை வைத்துப் பெரிதாக முடிவு கட்டக் கூடாதுதான். டார்ம்ஷ்டாட்டின் ஏழரையும் சேர்ந்துதான் அந்த 25. ஆனால் இதைவிட நேரான ஒப்பீடு கால்பந்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

எட்டாம் இடம் என்பதில் மயங்கவும் வேண்டாம். எட்டு, ஒன்பது, பத்து மூன்று இடமும் அதே 42 புள்ளி. ஒன்பதாவது வந்த வெர்டர் பிரெமனைவிட ஹைடன்ஹைமுக்கு ஒரே ஒரு கோல் சாதகம். அந்த ஒரு கோலால் எட்டாவதாகி, லெவர்குசன் ஜெர்மன் கோப்பையையும் ஜெயித்ததால் காலியான வரிசையில் ஏறி, ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. இடத்தை வைத்து ஒருவரை எடைபோடுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஒரு கிளைக்கதை, சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2023 மே 28, இரண்டாம் டிவிஷனின் கடைசி நாள். வேறு மைதானத்தில் ஹாம்பர்க் தன் ஆட்டத்தை ஜெயித்து முடித்துவிட்டது. மேலே ஏறிவிட்டோம் என்று நினைத்து ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கூத்தாடுகிறார்கள். ரேகன்ஸ்பர்கில் ஹைடன்ஹைம் 90-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கி இருக்கிறது. 93-வது நிமிடத்தில் பெனால்டி, 2-2. 99-வது நிமிடத்தில் க்ளைன்டின்ஸ்ட், 3-2. ஹாம்பர்க் மூன்றாம் இடத்துக்கு இறங்கி பிளே-ஆஃப் ஆட வேண்டி வந்தது. அதில் எதிரி யார்? பதினாறாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஹோனஸின் ஸ்டுட்கார்ட். 3-0, 3-1 என்று ஸ்டுட்கார்ட் பிழைத்தது. அந்த 99-வது நிமிட கோல் விழாமல் போயிருந்தால் ஸ்டுட்கார்டுக்கு எதிரே நின்றிருப்பது ஹைடன்ஹைம். என் பட்டியலில் இருக்கும் மூன்று பேரில் ஒருவராவது அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனில் இருந்திருப்பார். இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது.

அடுத்த வருடம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். 2024-25 சீசனில் லெவர்குசன் 69 புள்ளி, இரண்டாம் இடம். ஸ்டுட்கார்ட் 50, ஒன்பதாம் இடம். ஹைடன்ஹைம் 29, பிளே-ஆஃப் ஆடித்தான் பிழைத்தது. மூன்று பேரும் சரிந்தார்கள். "அப்போ எல்லாம் லக்குதான்" என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மை. குலுக்கலில் கிடைத்தது குலுக்கலில் போகும், அதற்குக் கொஞ்சம் எழுதலாம். ஆனால் ஸ்டுட்கார்டிலிருந்து 28 கோல் அடித்த கிராசியும் தடுப்பில் நின்ற ஆண்டனும் டார்ட்மண்டுக்கும், இட்டோ பயர்னுக்கும் போய்விட்டார்கள். ஹைடன்ஹைமிலிருந்து க்ளைன்டின்ஸ்டும் பெஸ்டேயும் போனார்கள். சின்ன கிளப் நன்றாக ஆடியதற்குக் கிடைக்கும் பரிசு, அடுத்த கோடையில் ஆள் பறிபோவது. அதே சமயம் வியாழக்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று ஐரோப்பிய ஆட்டங்கள் வேறு. அதனால் அடுத்த வருடச் சரிவை இந்த வருடப் பயிற்சியாளரின் மதிப்பெண்ணிலிருந்து கழிப்பது தப்பு. ஒரு வகையில் அந்தச் சரிவே அவர் செய்த வேலைக்குச் சாட்சி. லெவர்குசன் தன் முக்கிய ஆட்களை வைத்துக்கொண்டே 21 புள்ளி இறங்கியது. அலோன்சோ ரசிகர்கள்தான் அதற்குக் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும்.

அவர் 2025-இல் ரியல் மாட்ரிட் போனார். லெவர்குசனில் அடுத்து வந்த எரிக் டென் ஹாகை இரண்டே லீக் ஆட்டங்களில் அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு ஆட்டத்தில் 1 புள்ளி. மைதானத்துக்கு வெளியே என்ன காரணம் இருந்ததோ, அது வேறு. ஆனால் புள்ளியை வைத்துச் சொல்வதானால், நம் சீட்டுப் பையிலிருந்து இரண்டு சீட்டு எடுத்தால் மூன்று தடவைக்கு ஒரு தடவை 1 அல்லது அதற்கும் குறைவாகத்தான் வரும்.

சரி, என் தீர்ப்பு. 2023-24 என்ற ஒரே ஒரு சீசனுக்கு: அலோன்சோ முதல், மயிரிழை பின்னால் ஷ்மிட், மூன்றாவதாக ஹோனஸ். அலோன்சோவை முதலில் வைப்பது தோற்காததற்காக இல்லை. ஏற்கெனவே 59 அளவுக்கு வந்துவிட்ட அணியை, ஏணி செங்குத்தாக நிற்கும் இடத்தில், இன்னும் 31 ஏற்றியதற்காக. ஜெர்மனியின் விளையாட்டு நிருபர்களும் அந்த வருடச் சிறந்த பயிற்சியாளராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், காரணம் எதுவாக இருந்தாலும். மனசு ஷ்மிட் பக்கம்தான். ஆனால் அவர் சாதனை பதினாறு வருடத்தது, அதைச் சீசன் கணக்கில் திணிக்க நான் தயாரில்லை.

இதையெல்லாம் சுருக்கி மருமகனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்து பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "அதான் மாமா நான் முதல்லயே சொன்னேனே."